இரண்டு விரல் இடம்

அளவு நாடாவுக்கும் மரத்துக்கும் நடுவே வைத்திருந்த இரண்டு விரல்களை அவளால் உடனே வெளியே எடுக்க முடியவில்லை.

ஒரு நொடிதான். பிறகு பிடி தளர்ந்தது, விரல்கள் வந்துவிட்டன. காலைப் பனியில் நாடா சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அது சுருங்குகிற நாடா இல்லை. இழுத்தால் நீளாது, நனைந்தால் குறுகாது என்று சொல்லித்தான் கடைக்காரன் அதை விற்றான். அதை நம்பித்தான் அவள் ஊரில் பாதிப் பேருக்குக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கு இடுப்பளவு எடுத்தாலும் நாடாவுக்குள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நுழைத்துப் பிடித்துத்தான் எண்ணைப் பார்ப்பாள். உட்காரும்போதும் சாப்பிட்ட பிறகும் உடம்பு கேட்கிற இடம் அது. மரத்துக்கு அளவெடுக்கும்போதும் கை தானாக அப்படியே செய்திருந்தது. மரம் என்ன, உட்காரப் போகிறதா, விருந்துக்குப் போகிறதா? தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, இந்த முறை விரலை வைக்காமல் சுற்றினாள். நாற்பத்தெட்டு. மறுபடி சுற்றினாள். நாற்பத்தெட்டு. மூன்றாம் முறையும் சுற்றினாள், ஏனென்றால் இரண்டு முறை பார்த்ததை நம்புகிற ஆள் அவள் இல்லை. படுக்கப் போன பிறகு எழுந்து வந்து அடுப்பைப் பார்ப்பவள், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பவள், இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருபவள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயரே அங்குலம்.

மரம் விறகுக் கொட்டகையைத் தாண்டி, வேலியோரத்தில் தனியாக நின்றது. இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோதே அதில் ஓர் இலை கிடையாது. பட்டை முழுக்க உதிர்ந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வழவழவென்று இருந்தது. சுற்றிலும் இருந்த மெல்லிய மரங்களை அண்ணன் தன் சின்ன சங்கிலி ரம்பத்தாலேயே அறுத்து அடுக்கிவிட்டான். அவை அடுப்பில் காகிதம்போல் எரிந்து தீர்ந்துவிடும். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, வீட்டில் கைக்குழந்தை இருந்தது. விடியும்வரை கனல் நிற்க வேண்டுமென்றால் வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். அது இந்த ஒரு மரத்தில்தான் இருந்தது. போன வாரம் சின்ன ரம்பத்தை அதில் வைத்துப் பார்த்தான். புகை வந்தது, சங்கிலி மழுங்கியது, மரத்தில் நகக்கீறல்போல் ஒரு கோடு மட்டும் விழுந்தது. மறுநாள் பார்த்தால் அந்தக் கோடும் இல்லை. தவறான பக்கத்தில் தேடுகிறோம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பெரிய ரம்பத்தை வாடகைக்கு எடுப்பதென்று முடிவானது. எந்த அளவு என்பதை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது அண்ணி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, சமையலறை வாசலில் நின்று, தணிந்த குரலில் அண்ணி அதைச் சொன்னாள். அண்ணியின் அப்பா மரம் அறுக்கப் போய் இறந்தவர். அவர் கொண்டுபோன ரம்பத்தின் பிளேடு மரத்தைவிடக் குட்டை. இந்தப் பக்கம் பாதி அறுத்துவிட்டு, மீதியை அறுக்க அந்தப் பக்கம் சுற்றிப் போனார். அவ்வளவுதான் அண்ணிக்குத் தெரியும், அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

"உங்க அண்ணன் அவசரக்காரர். நீ சந்தேகப் பிராணி," என்றாள் அண்ணி. "மத்த நாள்லாம் உன் சந்தேகம் எனக்குத் தலைவலி. இந்த ஒரு விஷயத்துல அதுதான் எனக்கு வேணும். அவர் அந்தப் பக்கம் போகிற மாதிரி வைக்காதே."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் வாடகைக் கடைக்குப் போனாள்.

கடைக்குள் பெட்ரோலும் பழைய எண்ணெயும் மணத்தன. குட்டியிலிருந்து பெரியதுவரை ரம்பங்கள் சுவரில் வரிசையாக, குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் தொங்கின. கடைக்காரர் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார். விழுந்த கட்டையை விறகாகத் துண்டு போடவா, நிற்கிற மரத்தைச் சாய்க்கவா என்று முதலில் கேட்டார். கிளைக்கும் விறகுக்கும் பதினாலு அங்குலம் தாராளம், கையும் வலிக்காது. நிற்கிற மரம் என்றால் கதை வேறு. அடிமரம் எவ்வளவு பருமனோ அதற்கு மேல் பிளேடு இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே பக்கம் நின்று அறுத்து முடிக்கலாம். அதுவும் வைரம் பாய்ந்த மரத்துக்கு இன்ஜினில் வலு வேண்டும். சின்ன இன்ஜினில் நீள பிளேடை மாட்டினால் எலி ஏர் இழுத்த கதைதான்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை எடுத்துவிட்டால் வம்பே இல்லையே என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு ரம்பத்தை இறக்கி அதன் முனையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த முனை இருக்கே, இதுதாம்மா எமன். பிளேடு ரொம்ப நீளமாப் போனா முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அங்க எதுலயாவது பட்டுச்சோ, ரம்பம் எகிறி அறுக்கறவன் மூஞ்சிக்கே வரும். குட்டையா இருந்தாலும் ஆபத்து, நீட்டா இருந்தாலும் ஆபத்து. அளவுதான் எல்லாம்."

அவள் நாற்பத்தெட்டு என்றாள். சுற்றளவை மூன்றால் வகுத்து, பதினாறு என்றார் அவர். பதினெட்டு அங்குல பிளேடு கச்சிதம். எந்த உயரத்தில் அளந்தாள் என்று கேட்டார். வேரடியில் கல் மண்டியிருந்ததால் இடுப்பு உயரத்தில்தான் அறுக்கப் போகிறார்கள், அதனால் இடுப்பு உயரத்தில் என்றாள். சரி என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. அளவு தப்பாக இருந்தால் என்று இழுத்தாள்.

"மரம் என்ன உங்க கஸ்டமரா, ராத்திரி விருந்து சாப்பிட்டுட்டுக் காலைல பெருத்துப்போறதுக்கு?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, இருபத்துநாலு அங்குல பிளேடு ஒன்றையும் எடுத்துத் தாளில் சுற்றித் தந்தார். இந்த இன்ஜின் அதையும் தாங்கும். முதல் பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, இன்ஜினை மட்டும் கழற்றி, இரண்டாவதை மாட்டி அறுத்து அதை மீட்க வேண்டும். தேவைப்படாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். அவள் கையை நீட்டி வாங்கியபோது அவர் பார்வை அவள் விரல்களில் நின்றது.

"என்னம்மா, கதவுல நசுக்கிட்டீங்களா?"

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நாடாவின் விளிம்பு நீலமாகப் பதிந்திருந்தது. சுற்றி வந்த கோடு. அதற்குள் நாடாவின் சின்னச் சின்ன அளவுக் கோடுகள்கூடத் தெரிந்தன.

மதியம் வெயில் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பியபோது பனி வேலிவரை இறங்கியிருந்தது. கொட்டகை ஒரு நிழலாகவும், மரம் அதற்குப் பின்னால் இன்னும் வெளிறிய ஒரு கோடாகவும் தெரிந்தன. கடைக்காரர் சொன்னதையெல்லாம் அவள் அண்ணனுக்கு வரிசையாக ஒப்பித்தாள். அண்ணன் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே காதுமூடியை மாட்டிக்கொண்டான். அதை மாட்டிவிட்டால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

அவள் பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடி பனியில் வெளுத்திருந்தது. வெளியே ரம்பம் இருமி, இருமி, பிறகு நீளமாக அலறத் தொடங்கியது. பக்கத்து அறையில் குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது. அண்ணியின் தாலாட்டு ரம்பத்தின் சத்தத்துக்குள் கரைந்து கரைந்து வெளியே வந்தது. மரத்தில் பட்டதும் ரம்பத்தின் குரல் கனத்தது. நல்ல கனம்தான், வேலை நடக்கிற கனம். அவள் மூச்சை விட்டு, மடியில் கிடந்த கால்சட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அது பள்ளிக்கூட வாத்தியாருடையது. நேற்று வந்து, இடுப்பில் பித்தான் போட முடியவில்லை, உன் டேப்தான் சுருங்கிவிட்டது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். டேப் சுருங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அளவெடுக்கும்போது அவர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்திருந்தார். எல்லோரும் பிடிப்பார்கள். இடுப்பில் நாடா பட்டதும் ஆணென்ன பெண்ணென்ன, தன்னைக் கொஞ்சம் குறைத்துக் காட்டத்தான் உடம்புக்குத் தோன்றும். அளவெடுக்கும்போது மூச்சைப் பிடிக்காதவர்கள் உலகத்தில் இரண்டே வகை, கைக்குழந்தையும் பிணமும் என்று தையல் கற்றுத்தந்த அக்கா சொல்வாள். அதற்கு மருந்தும் அவளே சொல்லித் தந்தாள். பேச்சுக் கொடு. ஏதாவது கேள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து எண்ணைப் படித்துக்கொள்.

வாத்தியாரிடம் பேச்சுக் கொடுக்க மறந்துவிட்டாள். அதுதான் தப்பு.

தையலைப் பிரித்துக்கொண்டிருந்த சவரப் பிளேடு அவள் கையில் நின்றது.

விரல்களைப் பார்த்தாள். நீலக்கோடு இன்னும் மறையவில்லை.

நாடா சுருங்காது. அது சுருங்கவில்லை என்றால், விரல்கள் நசுங்கியது எப்படி? நாடாவுக்குள் இருந்தது பெருத்திருக்க வேண்டும். அவள் வந்து நின்றதையோ, பின்னால் கையை விட்டு நாடாவைச் சுற்றியதையோ எதிர்பார்க்காமல், தன் பாட்டில் ஒரு மூச்சு எடுத்திருக்க வேண்டும். பிறகுதான் தெரிந்திருக்கும், அளவெடுக்கிறார்கள் என்று. பிறகுதான் எக்கிக்கொண்டு நின்றிருக்கும். நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. மூன்று முறையும் மயிரிழைகூட மாறாமல் ஒரே எண். உயிருள்ள யாரும் மூச்சைப் பிடிக்காமல் மூன்று முறை ஒரே எண்ணைத் தந்ததில்லை.

பைத்தியம் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். பட்ட மரம். இலை இல்லை, பட்டை இல்லை. அண்ணனிடம் சொன்னால் இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பான். ஊசியை எடுத்து நூல் கோக்கப் போனாள். நூல் காதுக்குள் போகவில்லை. மறுபடி கோத்தாள்.

அப்போது ரம்பத்தின் குரல் மாறியது. கனமாக இருந்தது கீச்சிட்டது, கீச்சிட்டது திணறியது, வாயைப் பொத்தியதுபோல் ஒரே இழுப்பில் நின்றது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. அண்ணியின் தாலாட்டும் நின்றிருந்தது.

கால்சட்டையை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள். நாடா எப்போதும்போல் கழுத்தில் தொங்கியது.

அண்ணன் மரத்தின் முன்னால் நின்று இன்ஜினை ஆட்டிக்கொண்டிருந்தான். உயிரோடுதான் நின்றான், முழுசாகத்தான் நின்றான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மற்றவை கண்ணில் பட்டன. பிளேடு முக்கால்வாசிக்கு மேல் மரத்துக்குள் போய், மூடிய வாயில் கரண்டிபோல் சிக்கியிருந்தது. தரையில் கிடந்த மரத்தூள் உலர்ந்து பறக்கவில்லை. கட்டி கட்டியாக, ஈரமாகக் கிடந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை அடித்தது. அதற்கு அடியில் இன்னொன்று. தூங்கி எழுந்தவர் முகத்துக்கு நேரே பேசும்போது வருகிற வெதுவெதுப்பு.

"அளவு தப்பு, அங்குலம்." காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அண்ணன் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. "பிளேடு பத்தல. அந்தப் பக்கம் இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கு, அதுக்குள்ள கடிச்சுக்கிச்சு. நான் பின்னால போய்க் கொஞ்சம் சின்ன ரம்பத்தை வெச்சு—"

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் அப்பா என்றாள். பின்னால் போகாதே என்றாள். மரம் சரியில்லை என்றாள். உனக்கு எதுதான் சரியாக இருந்திருக்கிறது என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் பிடி தளரவில்லை.

"சரி. போகல. விடு, சட்டையைக் கிழிக்காத. நீ தைக்கறவதான், இருந்தாலும்."

ஸ்பேனரால் இன்ஜினைக் கழற்றினான். பிளேடும் சங்கிலியும் மரத்துக்குள்ளேயே நின்றன. கொட்டகைக்குப் போய் இருபத்துநாலு அங்குலத்தை மாட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். இங்கேயே நின்று, சிக்கிய பிளேடுக்கு ஒரு விரல் மேலே புதிதாக அறுத்தால் முடிந்துவிடும், சுற்றிப் போகிற வேலையே இல்லை. "அதுக்குள்ள நீ இன்னொரு தடவை அள. இருபத்துநாலும் பத்தலைன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம். முனை ரொம்ப வெளிய வந்தாலும் சொல்லு, பார்த்து அறுக்கறேன்."

அவன் பனிக்குள் போனான். கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது.

அவள் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தாள். பருமனான ஆட்களுக்குச் செய்வதுபோல், ஒரு முனையை இடக்கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைப் பின்பக்கமாக வீசினாள். காலையில் அது சுற்றி வந்து வலக்கைக்கு எட்டியது. இப்போது வரவில்லை. மரத்தோடு மார்பையும் கன்னத்தையும் ஒட்டி, வலக்கையைப் பின்னால் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டித் தேடினாள். மரம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. கன்னத்துக்கடியில் அது மிக மிக மெதுவாக உயர்ந்தது. அல்லது அவள் மார்புதான் தாழ்ந்ததோ. விரல்நுனிகள் வெற்று மரத்தைத் தடவின, இன்னும் தடவின.

நாடாவின் முனை அவள் விரல்களுக்குள் வைக்கப்பட்டது.

மெதுவாக. பிடித்துக்கொள்ள வாகாக, நாடா நுனியின் பித்தளைத் தகடு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி.

"தேங்க்ஸ்ண்ணா," என்றாள் பழக்கத்தில். பிறகுதான் அவன் நிற்கிற இடம் உறைத்தது. "பின்னால போகாதன்னு சொன்னேன்ல?"

நாடா லேசாக இழுபட்டது. குழந்தைகள் விளையாட்டுக்கு இழுப்பதுபோல்.

"அண்ணா."

கொட்டகைக்குள்ளிருந்து ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் வந்தது. அண்ணன் எதையோ திட்டினான். அங்கிருந்து. அவ்வளவு தூரத்திலிருந்து.

வலக்கையில் இருந்த முனை நழுவிப் போனது. அவள் விடவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டது.

அப்போது ஓடியிருக்கலாம். இடக்கையில் இருந்த முனையையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வாள்? அண்ணன் இன்னும் சற்று நேரத்தில் வந்து நிற்பான். மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீள பிளேடை விடுவான். முனை எதிலாவது பட்டால் ரம்பம் அவன் முகத்துக்குத்தான் எகிறும். அவனைப் போக வேண்டாம் என்று தடுத்தவள் அவள். அப்படியானால் பார்க்க வேண்டியதும் அவள்தான். விரிசல் இருக்கும், நாடா அதில் சிக்கியிருக்கும், காற்று இழுத்திருக்கும். எத்தனை முறை இல்லாத திருடனுக்காக எழுந்து போய்ப் பூட்டைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடப் பூட்டு திறந்திருந்ததில்லை.

இடக்கை முனையை விடாமல், அவள் மரத்தைச் சுற்றிப் போனாள்.

பின்பக்கம் வேலியும் பனியும்தான். யாரும் இல்லை. மரத்தில் தலை உயரத்திலிருந்து முழங்கால்வரை ஒரு வெடிப்பு நேராக இறங்கியது. நாடா அதற்குள்தான் போயிருந்தது. அவ்வளவுதானே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெடிப்புதான். சொன்னேன் இல்லையா, வெடிப்புதான். பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெடிப்பின் இரண்டு ஓரமும் வழவழப்பாக, வெகுநாள் திறந்து மூடிய கதவின் விளிம்புபோல் தேய்ந்திருந்தன.

கொட்டகைக் கதவு மறுபடி கிறீச்சிட்டது. அண்ணன் வருகிறான். அவனைக் கூப்பிடத் திரும்பினாள்.

வாடிக்கையாளர்களை அவள் அப்படித்தான் திரும்பச் சொல்வாள். கொஞ்சம் திரும்புங்க.

திரும்பியதில் நாடா அவள் வயிற்றைச் சுற்றி வந்தது. இடக்கையில் இருந்த முனையைக் காணவில்லை. முதுகு மரத்தில் போய் ஒட்டியது. இரண்டு முனையும் பின்னால், வெடிப்புக்குள். நாடா இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. இறுக்கமாக இல்லை. தளர்வாகவும் இல்லை. தெரிந்த கை பிடிப்பதுபோல்.

அவள் நாடாவைப் பற்றி இழுத்தாள். நீளாது. அறுபடாது. அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள்.

இடுப்பின் வலப்புறம் ஏதோ தொட்டது. குனிந்து பார்த்தாள். வெடிப்பிலிருந்து அவளைச் சுற்றி முன்னால் வந்து, நாடாவுக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழைந்துகொண்டிருந்தன. பட்டை உரித்த குச்சியின் நிறம். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளம். இரண்டிலும், சுற்றி ஒரு நீலக்கோடு.

"அங்குலம்?" அண்ணனின் குரல், மரத்துக்கு அந்தப் பக்கம். "எங்க போய் நிக்கற? பனில ஒண்ணும் தெரியல. அளந்தியா?"

கத்துவதற்காக மூச்சை இழுத்தாள். அண் என்று தொடங்கினாள். வெளியே போன மூச்சின் இடத்தை நாடா எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை. நெஞ்சில் மிச்சமிருந்தது நசுங்கி, மூடிய உதடுகள் வழியாக வெளியே வந்தது.

"ம்ம்," என்று கேட்டது. ஆமாம் என்பதுபோல்.

"சரி. அங்கேயே தள்ளி நில்லு. முனை வருதான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

காதுமூடியின் வளையம் தலையில் பதிகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது.

ரம்பம் இருமியது. இருமியது. அலறியது.

முதுகெலும்புக்கு அது சத்தமாக வரவில்லை. நடுக்கமாக வந்தது. பற்கள்வரை. மரத்தின் உள்ளே எங்கோ, அவள் இடுப்பின் உயரத்தில், ஒரு சூடு நகர்ந்து நகர்ந்து வந்தது. அவள் குதிகாலால் மரத்தை உதைத்தாள். கையால் அறைந்தாள். ரம்பத்தின் சத்தத்துக்குள் எல்லாம் மூழ்கின. இருபத்துநாலு. இப்போது மரம் இருபதுக்கும் மேல் இருக்கும். முனை கொஞ்சம்தான் வெளியே வரும். இரண்டு அங்குலம். மூன்று. அவளால் அந்த இடத்தைக் கொடுக்க முடியும். வயிற்றை ஒடுக்கினால். முதுகை முன்னால் வளைத்தால்.

ஒடுக்கினாள். நாடா அதையும் எடுத்துக்கொண்டது.

அப்போது, பின்னால், மரம் மூச்சை உள்ளே இழுத்தது.

அவள் முதுகோடு சேர்ந்து அது மெலிந்தது. ஒரு விரல். இரண்டு. நான்கு. வாத்தியார்போல. எல்லோரையும்போல. நாற்பத்தெட்டுக்கு. பதினாறு அங்குலம் மரம், இருபத்துநாலு அங்குலம் பிளேடு. பிளேடை நானேதான் கொண்டுவந்தேன். நானேதான் நகராமல் நின்று வாங்கினேன்.

ஈரமான மரத்தூள், சூடாக, அவள் சட்டைக்குப் பின்னால் கொட்டியது. ஏதோ துணியைத் தொட்டது. துணியை மட்டும். ஒரு நூல் இழுபட்டு அறுந்தது.

ரம்பத்தின் அலறல் இறங்கி, உறுமலாகி, நின்ற இடத்தில் துடித்தது. அண்ணன் அமுக்கியிருந்த விரலைத் தளர்த்தியிருக்கிறான். காதுமூடியை ஒரு பக்கம் தூக்கியிருக்கிறான். சொன்னதைக் கேட்கிற அண்ணன். பார்த்து அறுக்கிற அண்ணன்.

"அங்குலம்! முனை வந்துச்சா? நிறுத்தவா, விடவா?"

சொல்ல வேண்டும். நிறுத்து என்று ஒரு சொல். சொல்லாவிட்டால் அவன் விடுவான். முனை அவள்மேல் படும், ரம்பம் எகிறும், அவன் முகத்துக்கு. வீட்டுக்குள் குழந்தை அழ ஆரம்பித்திருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகில் மரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாடாவுக்குள் இருந்த இரண்டு விரல்கள், அளவெடுக்கப் பழகிய கையின் பொறுமையோடு, அவள் பேசுவதற்காகக் காத்திருந்தன.